பிராக்: பழையதும் மீண்டும் செய்ததும்

பிராக் நகரின் புனித விட்டஸ் பேராலயத்துக்கு 1344இல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை முடிந்தது 1929இல். மேற்கு வாசல் வழியாக உள்ளே நுழைபவர் முதலில் நடப்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழத் தொடங்கிய கட்டடத்துக்குள். குறுக்குக்கூடத்தைத் தாண்டிய பிறகே 14ஆம் நூற்றாண்டுக் கல்தச்சர்களின் கைவேலை தொடங்குகிறது. தூண்களின் வரிசையும் கூரையின் உயரமும் ஒரே சீராகப் போவதால் பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே சேர்கிறது என்று சாதாரணக் கண்ணுக்குப் புலப்படாது. செக் குடியரசின் இந்தத் தலைநகரைப் பற்றிய சுற்றுலா ஏடுகள் ‘பழமை மாறாத நகரம்’ என்று எழுதுகின்றன. நகரம் பழையது என்பது உண்மை. ஆனால் அதன் முதன்மையான காட்சிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு காலத்தில் எரிந்தன, இடிந்தன, வெள்ளத்தில் போயின, எதிரிகளால் அள்ளிச் செல்லப்பட்டன, அல்லது நடுவில் கைவிடப்பட்டன. பிறகு மறுபடியும் செய்யப்பட்டன. யார், எந்தக் காலத்தில், என்ன காரணத்துக்காக மீண்டும் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே நடப்பவருக்குத்தான் பிராக் தன் முழு வரலாற்றையும் காட்டுகிறது.

வல்தாவா ஆறு நகரின் நடுவே தெற்கிலிருந்து வடக்காக ஓடி, பெரிய வளைவாகத் திரும்புகிறது. மேற்குக் கரையின் குன்றில் கோட்டை. அதன் அடிவாரத்தில் மாலா ஸ்ட்ரானா என்ற சிறுநகர். கிழக்குக் கரையில் பழைய நகர், அதை ஒட்டி யூதர் குடியிருப்பு, இவற்றைச் சுற்றி அரசர் நான்காம் சார்லஸ் 1348இல் வகுத்த புதிய நகர். ‘புதிய’ என்ற பெயருக்கு வயது ஏறத்தாழ 675 ஆண்டுகள். பழைய நகர், புதிய நகர், மாலா ஸ்ட்ரானா, கோட்டையை ஒட்டிய ஹ்ராட்சானி ஆகிய நான்கும் நெடுங்காலம் தனித்தனி நகராட்சிகளாக இருந்தன. 1784இல்தான் ஒரே நகரமாக இணைக்கப்பட்டன. இந்த வரலாற்று மையம் முழுவதையும் யுனெஸ்கோ 1992இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கோட்டையைப் பிரெமிஸ்ல் வம்சத்தின் இளவரசர் போர்ஷிவோய் 880ஆம் ஆண்டையொட்டி நிறுவினார். கோட்டை என்ற சொல் இதற்குச் சற்றுச் சிறியது. அரண்மனைகள், தேவாலயங்கள், மடம், முற்றங்கள், குறுந்தெரு, தோட்டங்கள் எல்லாம் அடங்கிய, ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஊர் இது. இன்றும் குடியரசுத் தலைவரின் அலுவலகம் இங்கேதான். வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியும் நீண்ட, ஒரே மாதிரியான முகப்பு 18ஆம் நூற்றாண்டில் மரியா தெரசா காலத்தில் போர்த்தப்பட்டது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நூற்றாண்டும் அடுக்கடுக்காக ஒளிந்திருக்கிறது. 1918இல் நாடு விடுதலை பெற்றதும் அதன் முதல் தலைவர் மசாரிக், ஸ்லோவேனியக் கட்டடக் கலைஞர் யோஷே பிளெச்னிக்கை அழைத்து, அரசர்களின் கோட்டையைக் குடியரசுக்கு ஏற்றதாக மாற்றச் சொன்னார். முற்றத்துக் கருங்கல் தூண், தோட்டத்துப் படிகள், செப்புக் கூரையிட்ட மாடிப்படி போன்ற பிளெச்னிக்கின் வேலைகளைக் கூட்டம் கவனிக்காமல் கடந்துபோகிறது. நின்று பார்க்க வேண்டியவை அவை.

பேராலயத்தின் இடத்தில் முதலில் இருந்தது, 10ஆம் நூற்றாண்டில் இளவரசர் வென்சஸ்லாஸ் கட்டிய வட்டவடிவச் சிற்றாலயம். தம்பியின் ஆட்களால் கொல்லப்பட்டுப் பின்னர் புனிதராக வணங்கப்பட்ட வென்சஸ்லாஸே செக் நாட்டின் பாதுகாவலர். 1344இல் பிராக் பேராயர் பீடமாக உயர்ந்தபோது, பிரான்சிலிருந்து அராஸ் ஊர் மத்தியாஸ் என்னும் கட்டடக் கலைஞர் வரவழைக்கப்பட்டார். அவர் 1352இல் இறந்தார். பிறகு பொறுப்பேற்ற பீட்டர் பார்லருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். மத்தியாஸ் பிரெஞ்சு முறைப்படி கணக்காக, அடக்கமாகத் தொடங்கியதை பார்லர் வேறு திசைக்குக் கொண்டுபோனார். கூரையின் விலா எலும்புகளை நேர்கோட்டில் ஓடவிடாமல் வலைபோல் பின்னினார். ஐரோப்பாவின் நடுப்பகுதி முழுவதும் பிறகு அதைப் பின்பற்றியது. உட்சுவரின் மேல்வரிசையில் அரச குடும்பத்தார், பேராயர்கள் ஆகியோரின் மார்பளவுச் சிலைகளோடு கட்டடக் கலைஞர்கள் இருவரின் முகங்களும் செதுக்கப்பட்டுள்ளன. தொழில் செய்தவனின் முகத்தை அரசனின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்த அந்தத் துணிவு, 14ஆம் நூற்றாண்டுக்கு மிகப் பெரியது.

1419இல், திருச்சபையைத் திருத்த முயன்ற யான் ஹூஸின் இயக்கத்தாரது கிளர்ச்சி வெடித்ததும் வேலை நின்றது. பாதி ஆலயத்தின் மேற்குப் பக்கத்தைத் தற்காலிகச் சுவர் ஒன்றால் அடைத்தார்கள். அந்தத் ‘தற்காலிகம்’ நான்கரை நூற்றாண்டு நீடித்தது. 1541இல் பெருந்தீ வேறு. 19ஆம் நூற்றாண்டில் செக் தேசிய உணர்வு பெருகியபோதுதான், ஆலயத்தை முடித்தே தீர்வது என்று ஒரு சங்கம் அமைத்துப் பணம் திரட்டினார்கள். யோசெஃப் மோக்கர் மேற்குப் பகுதியை எழுப்பினார். கமில் ஹில்பர்ட் முடித்துவைத்தார். வென்சஸ்லாஸ் மறைந்து ஆயிரம் ஆண்டு நிறைவாகக் கொண்டாடப்பட்ட 1929இல் ஆலயம் திறக்கப்பட்டது. புதிய பகுதியின் வடபுறத்தில் அல்ஃபோன்ஸ் முஹா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் அதற்கும் பிந்தையது. பழைய பகுதியின் உயிர் வென்சஸ்லாஸின் சிற்றறையில் இருக்கிறது. சுவர் முழுதும் மெருகிட்ட மணிக்கற்களைத் தங்கப் பூச்சுக்கு நடுவே பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து போகும் கதவுக்கு ஏழு பூட்டுகள். ஏழு சாவிகளும் நாட்டின் ஏழு பதவியாளர்களிடம் உள்ளன. உள்ளே பொஹிமியா என்ற பழைய செக் அரசின் மணிமுடி இருக்கிறது. அபூர்வமான நாள்களில் மட்டுமே அது வெளியே எடுக்கப்படும்.

பேராலயத்தின் தென்பக்கத்தில் பழைய அரண்மனை. அதன் விளாடிஸ்லாவ் மண்டபம் 62 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் உள்ளது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், கொடிபோல் வளைந்தோடும் விலாக்களால் பெனடிக்ட் ரீட் 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்குக் கூரையிட்டார். குதிரை வீரர்கள் மண்டபத்துக்குள்ளேயே போட்டி நடத்துவதற்காக, குதிரை ஏறக்கூடிய சரிவுப் படிகள் தனியே உண்டு. பக்கத்து அலுவலக அறையின் சன்னல் உலக வரலாற்றில் இடம்பெற்றது. 1618 மே 23இல், தங்கள் சமய உரிமை பறிக்கப்படுகிறது என்று சினந்த புரட்டஸ்தாந்துப் பிரபுக்கள், பேரரசரின் ஆளுநர்களான ஸ்லவாட்டா, மார்ட்டினிட்ஸ் என்ற இருவரையும் எழுத்தர் ஃபப்ரிட்சியுசையும் அந்தச் சன்னல் வழியாகக் கீழே எறிந்தார்கள். மூவரும் உயிர் தப்பினர். ஐரோப்பா தப்பவில்லை, முப்பதாண்டுப் போர் அதிலிருந்து தொடங்கியது.

அந்தப் போருக்கு முந்தைய தலைமுறையில் பிராக் ஐரோப்பாவின் அறிவுத் தலைநகர்களில் ஒன்றாக இருந்தது. பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் 1583இல் தம் அரசவையை வியன்னாவிலிருந்து இங்கே மாற்றினார். டென்மார்க்கின் வானியலாளர் டைக்கோ பிராகே 1599இல் வந்தார். அடுத்த ஆண்டு கெப்ளர் வந்து அவருடன் சேர்ந்தார். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்பது உள்ளிட்ட முதல் இரண்டு விதிகளைக் கெப்ளர் கண்டறிந்தது பிராகில்தான். டைக்கோவின் கல்லறை பழைய நகரின் தீன் ஆலயத்துக்குள் இருக்கிறது. ருடால்ஃப் சேர்த்த ஓவியங்களும் அரும்பொருள்களும் 1648இல் சுவீடன் படை கோட்டையைப் பிடித்தபோது வண்டி வண்டியாகப் போயின. ‘சாத்தானின் விவிலியம்’ என்று பெயர்பெற்ற மிகப்பெரிய கையெழுத்துச் சுவடி இன்றும் ஸ்டாக்ஹோமில் உள்ளது. மாலா ஸ்ட்ரானாவில், செனட் சபை இயங்கும் வாலன்ஸ்டைன் அரண்மனையின் தோட்டத்தில் ஆட்ரியான் டி விரீஸின் வெண்கலச் சிலைகளைக் காணலாம். அவை நகல்கள், மூலங்கள் சுவீடனின் டிரோட்னிங்ஹோம் அரண்மனையில் நிற்கின்றன. இந்த நகல்களைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. கொள்ளை நடந்ததற்கு அவையே சாட்சி.

அதே 1648இல் சுவீடன் படையால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. மாணவர்களும் நகரத்தாரும் யூதர்களும் சார்லஸ் பாலத்தின் கிழக்கு முனையில் நின்று தடுத்தார்கள். பாலத்தின் பழைய நகர்ப்பக்கக் கோபுரத்தில் கிழக்கு முகம் பார்லரின் காலத்துச் சிற்பங்களால் நிறைந்திருக்க, ஆற்றைப் பார்த்த மேற்கு முகம் வெறுமையாக இருப்பதற்கு அந்த முற்றுகையின் பீரங்கிகளே காரணம்.

முன்பு இதை ஒட்டி இருந்த யூடித் பாலத்தை 1342 வெள்ளம் உடைத்தது. புதிய பாலத்துக்கு நான்காம் சார்லஸ் 1357இல் அடிக்கல் நாட்டினார். ஜூலை 9ஆம் நாள் காலை 5 மணி 31 நிமிடத்துக்கு நாட்டினார் என்றும், ஆண்டு, நாள், மாதம், நேரம் இவற்றின் எண்களை வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1 என ஏறி இறங்கும் என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். நிமிடம்வரை சொல்லும் அந்தக் கணக்கு பிற்காலத்தார் ஊகம். பாலம் 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். பல நூற்றாண்டுகள் அதில் ஒரு சிலுவையைத் தவிரச் சிலைகள் இல்லை. இப்போது இருபுறமும் நிற்கும் 30 சிலைத் தொகுதிகளில் பெரும்பாலானவை 1683க்கும் 1714க்கும் இடையில் வைக்கப்பட்டவை.

அவற்றுள் முதலாவது நெப்போமுக் யானின் வெண்கலச் சிலை. பேராயரின் துணைவரான அவரை 1393இல் அரசர் நான்காம் வென்சஸ்லாஸ் சித்திரவதை செய்து இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசச் செய்தார். அரசி சொன்ன பாவசங்கீர்த்தன இரகசியத்தை வெளியிட மறுத்ததால் கொல்லப்பட்டார் என்பது பின்னால் வளர்ந்த கதை. உண்மைக் காரணம் அரசருக்கும் பேராயருக்கும் இருந்த அதிகாரப் பூசல். 1729இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பின் ஐரோப்பாவின் பாலங்கள் பலவற்றில் அவர் சிலை ஏறியது. ஆற்றிலும் வழிப்பயணத்திலும் காக்கும் புனிதர் ஆனார். சிலையின் பீடத்திலுள்ள வெண்கலப் புடைப்பைத் தொட்டால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையில் கோடிக் கைகள் தேய்த்து அது பொன்னாக மின்னுகிறது.

தமிழர் நின்று பார்க்க இன்னொரு சிலை உண்டு. ஃபெர்டினான்ட் பிரோகோஃப் 1711இல் செய்த பிரான்சிஸ் சேவியர் தொகுதி அது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே 1542 முதல் பணிசெய்த அதே சேவியர்தான். அவரைத் தாங்கி நிற்போரில் ஓர் இந்தியனும் இருக்கிறான். அருகே மண்டியிட்டுத் திருமுழுக்குப் பெறுகிறான் கீழை நாட்டு இளவரசன் ஒருவன். இந்தியாவைக் காணாத சிற்பி, கேள்வியறிவைக் கொண்டு செதுக்கிய முகங்கள் அவை. 1890 செப்டம்பர் வெள்ளம் பாலத்தின் வளைவுகளை உடைத்தபோது இந்தச் சிலையும் பக்கத்துச் சிலையொன்றும் ஆற்றில் விழுந்தன. இப்போது நிற்பது 1913இல் வைத்த நகல். மணற்கல் புகையிலும் மழையிலும் கரைவதால் பாலத்தின் மற்றச் சிலைகளையும் ஒவ்வொன்றாக அகற்றி நகல் வைத்து வந்திருக்கிறார்கள். 1965இல் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

பழைய நகரின் சதுக்கத்தில் ஒவ்வொரு மணிக்கும் கூட்டம் நகர மண்டபத்தின் வானியல் கடிகாரத்தின் முன்னால் கூடுகிறது. எலும்புக்கூடு மணியடிக்கிறது, இரண்டு சிறு சன்னல்களில் அப்போஸ்தலர்கள் வரிசையாகப் போகிறார்கள், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிகிறது. கூட்டம் கலைந்த பிறகே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதன் முகம் நேரத்தை மட்டும் காட்டுவதற்காக அமைந்தது அன்று. பூமியை நடுவில் வைத்து வானம் சுழலும் படம் அது. பொன்முலாம் கதிரவனும், பாதி கறுப்பும் பாதி வெள்ளியுமாகத் தானே உருண்டு பிறையையும் முழுநிலவையும் காட்டும் கோளமும் இராசி வளையத்தின்மேல் நகர்கின்றன. கதிரவனின் ஒரே முள் மூன்று வகை நேரங்களைச் சொல்கிறது: ரோமன் எண்களில் இன்றைய நேரம், வெளிவளையத்தில் கதிர் மறைவிலிருந்து 24 மணியை எண்ணும் பழைய செக் நேரம், வளைகோடுகளில் பகலைப் பருவத்துக்கேற்ப நீண்டும் குறுகியும் பன்னிரண்டு பங்காக்கிய நேரம். மறைவு நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் வெளிவளையமும் ஆண்டு முழுவதும் மெல்ல அசைகிறது.

ஹனுஷ் என்னும் கைவினைஞர் இதைச் செய்தார் என்றும், வேறெங்கும் இதுபோல் செய்யாதிருக்க நகரத் தலைவர்கள் அவர் கண்களைக் குத்தினார்கள் என்றும் கதை நெடுங்காலம் உலவியது. உண்மையில் 1410இல் இதைச் செய்தவர் கடான் ஊர் மிக்குலாஷ். வானியல் கணக்கு வகுக்கப் பல்கலைக்கழக அறிஞர் யான் ஷிண்டல் துணையிருந்தார். இதைக் காட்டும் ஆவணம் 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வானியல் கடிகாரங்களில் இதுவே மிகப் பழையது. ஆனால் 1945 மே மாதம் பிராக் எழுச்சியின் கடைசி நாளில் ஜெர்மானியப் படை சுட்டதில் நகர மண்டபத்தின் ஒரு பக்கக் கட்டடமும் மரத்தாலான அப்போஸ்தலர்களும் எரிந்தன. இப்போது சன்னலில் வருபவர்கள் வொய்ட்டெக் சுஹார்டா பிறகு செதுக்கியவர்கள். எரிந்த அந்தக் கட்டடத்தை மட்டும் இன்றுவரை யாரும் கட்டவில்லை. அந்த இடம் புல்தரையாகக் கிடக்கிறது. கீழே உள்ள நாள்காட்டித் தட்டு 1866இல் யோசெஃப் மானெஸ் வரைந்ததன் நகல். மூலம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018 சீரமைப்பில் வைத்த புதிய நகல் மானெஸின் முகங்களை மாற்றிவிட்டது என்று பிராகில் பெரிய சர்ச்சை எழுந்தது. நகலிலும் ஒரு நேர்மை வேண்டும் என்று அந்த நகரத்தார் கேட்டது நியாயமே.

மண்டபத்தின் கிழக்கே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிந்திருக்கின்றன. 1620 நவம்பர் 8இல் நகருக்கு வெளியே வெண்மலையில் நடந்த போரில் செக் புரட்டஸ்தாந்துகள் தோற்றார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 21இல் அவர்களின் தலைவர்கள் 27 பேர் இங்கே கொல்லப்பட்டார்கள். 1600இல் பிராகில் பொதுமக்கள் முன்னிலையில் மனித உடலை அறுத்து விளக்கிய மருத்துவர் யான் யெசெனியுஸும் அவர்களில் ஒருவர். பன்னிரண்டு தலைகள் பாலத்தின் கோபுரத்தில் பத்தாண்டு தொங்கின. அதன்பின் நாடு கத்தோலிக்கமாக்கப்பட்டது. நகரம் பரோக் ஆலயங்களால் நிறைந்தது. மாலா ஸ்ட்ரானாவில் டீன்ட்சென்ஹோஃபர் தந்தையும் மகனும் எழுப்பிய புனித நிக்கோலஸ் ஆலயம் அவற்றின் உச்சி. வெற்றியாளர் கட்டியது என்பதற்காக அதன் அழகு குறைந்துவிடாது. அந்த அழகின் விலை சதுக்கத்துச் சிலுவைகளில் இருக்கிறது.

இந்தச் சதுக்கத்தில் நினைவுச் சின்னங்களே ஒன்றோடொன்று வாதிடுகின்றன. 1650இல் நிறுவிய மரியன்னைத் தூணை, நாடு விடுதலை பெற்ற சில நாள்களில், 1918 நவம்பர் 3இல், ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் அடையாளம் என்று கருதி ஒரு கூட்டம் கயிறு கட்டிச் சாய்த்தது. அதன் நகல் நூறாண்டுக்குப் பின், 2020இல், அதே இடத்தில் எழுந்தது. அதற்கு எதிரே, திருச்சபையைத் திருத்த முயன்று 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் எரிக்கப்பட்ட யான் ஹூஸுக்கு லாடிஸ்லாவ் ஷலோன் 1915இல் செய்த பெரிய வெண்கலச் சிற்பம். ஹூஸ் 1402 முதல் செக் மொழியில் மறையுரை ஆற்றிய பெத்லகேம் சிற்றாலயம் சிறிது தொலைவில் உள்ளது. பழைய கட்டடம் 1786இல் இடிக்கப்பட்டது. எஞ்சிய சுவர்களையும் பழைய படங்களையும் ஆதாரமாகக் கொண்டு 1950களின் தொடக்கத்தில் அதை மீண்டும் எழுப்பியது கம்யூனிஸ்டு அரசு. ஏழைகளின் போராளியாக ஹூஸைக் காட்ட அது விரும்பியது.

சதுக்கத்திலிருந்து வடக்கே யோசெஃபோவ். பிராகின் யூதர்கள் நூற்றாண்டுகளாக அடைபட்டு வாழ்ந்த குடியிருப்பு அது. யூதர்களுக்குச் சில உரிமைகளை வழங்கிய பேரரசர் இரண்டாம் யோசெஃபின் பெயரை 1850இல் பெற்றது. 1893இல் இயற்றிய சட்டத்தின்படி நெருக்கமும் நோயும் மிகுந்த பகுதி என்று சொல்லி அதன் வீடுகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் இடித்தார்கள். இன்று விலையுயர்ந்த கடைகள் நிறைந்த பாரிஸ் தெரு அந்த இடிபாட்டின்மேல் வந்தது. எழுத்தாளர் விலேம் மிர்ஷ்டிக் 1897இல் கடுமையான கண்டனம் எழுதினார்; 1900இல் பழைய பிராகைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. இன்று மையத்தில் இவ்வளவு மிஞ்சியிருப்பதில் அந்த எதிர்ப்புக்குப் பங்குண்டு. குடியிருப்பில் எஞ்சியவை ஆறு தொழுகைக்கூடங்களும் யூத நகர மண்டபமும் கல்லறைத் தோட்டமும். 13ஆம் நூற்றாண்டின் ‘பழைய-புதிய’ தொழுகைக்கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஐரோப்பாவில் இப்படி நீடிப்பவற்றுள் அதுவே மிகப் பழையது. கல்லறைத் தோட்டத்தில் 15ஆம் நூற்றாண்டு முதல் 1787வரை புதைத்தார்கள். இடம் போதாமல் பழைய கல்லறைகள்மேல் மண் கொட்டி, அடுக்கடுக்காக. கீழிருந்த கற்களையும் தூக்கி மேலே நட்டதால் சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. களிமண் மனிதனைப் படைத்ததாகக் கதை சொல்லப்படும் ரபி லோவ் 1609இல் இங்கே அடக்கமானார்.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹிமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. ஊர் வாரியாக, குடும்பம் வாரியாக, பிறந்த நாளும் உயிரோடிருந்ததாகத் தெரிந்த கடைசி நாளும் குறித்து 1950களில் முதலில் எழுதினார்கள். நிலத்தடி ஈரம் ஏறி, 1968இல் கூடம் மூடப்பட்டது. பிறகு எழுத்துகள் சுவரோடு அழிக்கப்பட்டன. கம்யூனிஸ்டு ஆட்சி மாறிய பின், 1992 முதல் 1996வரை, ஒவ்வொரு பெயரையும் மறுபடி எழுதினார்கள். 2002 வெள்ளம் மீண்டும் சேதப்படுத்த, மறுபடியும் திருத்தினார்கள். மேல்தளத்தில் தெரெசின் முகாமில் அடைபட்ட குழந்தைகள், ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியையிடம் கற்று வரைந்த படங்கள் உள்ளன. அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் அவரைப்போலவே ஆஷ்விட்சில் இறந்தார்கள். பிராகில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் போக வேண்டிய இடம் இதுதான்.

1348இல் நான்காம் சார்லஸ் தொடங்கிய பல்கலைக்கழகம் மத்திய ஐரோப்பாவிலேயே முதலாவது. அதன் கரோலினும் கட்டடத்தில் பழைய காலத்துக் கல்மாடச் சாளரம் ஒன்று பரோக் சுவருக்கு நடுவே துருத்தி நிற்கிறது. ஆற்றையொட்டிய கிளெமென்டினும் ஏசு சபையாரின் கல்லூரியாக இருந்தது. அதன் நூலக மண்டபம் 1722இல் அமைந்தது. வானியல் கோபுரத்தில் 1775 முதல் வெப்பநிலையை நாள்தோறும் குறித்து வருகிறார்கள். தமிழியலுக்கு இந்தப் பல்கலைக்கழகத்தோடு நெருங்கிய உறவு உண்டு. கமில் சுவெலபில் 1927இல் பிராகில் பிறந்து, இங்கே பயின்று, இங்கேயே தமிழும் திராவிட மொழியியலும் கற்பித்தார்; பழந்தமிழ்ப் பாடல்களைச் செக் மொழியில் பெயர்த்தார். 1968இல் சோவியத் படை நுழைந்த பின் அவர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. யாரோஸ்லாவ் வாட்செக் பிற்காலத்தில் அந்தத் தமிழ்க் கல்வியைத் தொடர்ந்தார்.

இசைக்கும் இந்த நகரத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல இரண்டு அரங்குகள் போதும். மொட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’ 1787 அக்டோபர் 29இல் முதன்முதல் அரங்கேறிய எஸ்டேட்ஸ் அரங்கு ஒன்று. நான்கு ஆண்டுக்குப் பின் அவர் வியன்னாவில் இறந்தபோது பிராக் புனித நிக்கோலஸ் ஆலயத்தில் பெருந்திரளோடு திருப்பலி நடத்தியது. மற்றது ஆற்றங்கரையில் உள்ள தேசிய அரங்கு. செக் மொழிக்கென்று ஓர் அரங்கு வேண்டும் என்று மக்கள் காசு சேர்த்து 1868இல் அடிக்கல் நாட்டினார்கள். 1881 ஜூனில் ஸ்மெட்டனாவின் ‘லிபுஷே’ இசைநாடகத்துடன் திறந்தார்கள். இரண்டு மாதத்தில், ஆகஸ்டு 12இல், அது எரிந்தது. 47 நாளில் பத்து இலட்சம் கில்டர் மறுபடி சேர்ந்தது. 1883 நவம்பரில் அதே ‘லிபுஷே’ மீண்டும் ஒலித்தது. மேடைக்கு மேலே ‘நாடு தனக்கே’ என்று பொறித்திருக்கிறார்கள்.

1900க்குப் பிந்தைய பிராகை வழிகாட்டிகள் அவசரமாகக் கடக்கிறார்கள். 1905–12இல் எழுந்த மாநகர இல்லம், முஹா வரைந்த மேயர் அறையோடும் ஸ்மெட்டனா இசைமண்டபத்தோடும் நிற்கிறது. 1918 அக்டோபர் 28இல் செக்கோஸ்லோவாக்கியா அங்கே பிறந்தது. ஓவியத்தின் கியூபிசத்தைக் கட்டடத்துக்கும் தெருவிளக்குக்கும் நாற்காலிக்கும் கொண்டுவந்தது பிராக் மட்டுமே என்று சொல்லலாம். யோசெஃப் கோச்சாரின் ‘கறுப்பு மடோன்னா இல்லம்’ அதற்கு நல்ல தொடக்கம். 1945 பிப்ரவரி 14இல் அமெரிக்க விமானங்கள் வழிதவறிப் பிராகின்மேல் குண்டு வீசின. சார்லஸ் நிறுவிய எம்மாவுஸ் மடத்தின் கோபுரங்கள் விழுந்தன. 1960களில் அதைச் செப்பனிட்டவர்கள் பழைய வடிவத்தைத் திரும்பச் செய்யாமல், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரு வெண் காங்கிரீட் சிறகுகளை வைத்தார்கள். அதே குண்டுவீச்சில் வெறுமையான ஆற்றங்கரை மனையொன்றில் 1996இல் விளாடோ மிலுனிச்சும் ஃபிராங்க் கேரியும் ‘நடனமாடும் வீட்டை’க் கட்டினார்கள்.

வென்சஸ்லாஸ் சதுக்கம் உண்மையில் 750 மீட்டர் நீளத் தெரு; சார்லஸ் காலத்தில் குதிரைச் சந்தை. அதன் மேல்முனையில் மிஸ்ல்பெக்கின் வென்சஸ்லாஸ் குதிரைச் சிலை, பின்னால் தேசிய அருங்காட்சியகம். 1968 ஆகஸ்டில் சோவியத் வீரர்கள் அதன் முகப்பைச் சுட்டார்கள். 1969 ஜனவரி 16இல் மாணவர் யான் பாலாஹ் ஆக்கிரமிப்பை எதிர்த்து இங்கே தீக்குளித்தார். நடைபாதைக் கற்களுக்குள்ளிருந்து புடைத்தெழும் வெண்கலச் சிலுவை ஒன்று அவருக்கு நினைவுச் சின்னம். 1989 நவம்பரில் ஆட்சியை மாற்றிய கூட்டங்கள் இதே சதுக்கத்தில் கூடின. ஆற்றின் எதிர்ப்புறம் லெட்னாக் குன்றில் 1955இல் வைத்த மாபெரும் ஸ்டாலின் சிற்பத்தை 1962இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். காலியான பீடத்தில் 1991 முதல் ஒரு பெரிய தாளமானி (மெட்ரோனோம்) ஆடிக்கொண்டிருக்கிறது.

கூட்டம்தான் இப்போது பழைய பிராகுக்குக் கவலை. மையத்தின் வீடுகள் விடுதிகளாக மாறுகின்றன. 2024இல் இரவு 10 மணிக்குமேல் குழுவாக மதுக்கடைகளுக்கு அழைத்துச்செல்லும் சுற்றுலாவை மாநகராட்சி தடைசெய்தது. சார்லஸ் பாலத்தைச் சூரியன் எழும் நேரத்தில் பார்ப்பதே நல்லது. 22ஆம் எண் டிராம் கோட்டையின் பின்வாசல்வரை ஏற்றிவிடும். அங்கிருந்து இறங்கிக்கொண்டே பார்க்கலாம்.

தெற்கே, ஆற்றின்மேல் நிற்கும் பாறைக் குன்றான விஷெஹ்ராடுக்குக் கூட்டம் குறைவு. இளவரசி லிபுஷே பிராகின் பெருமையை முன்கூட்டியே சொன்ன இடம் என்று பழங்கதை. 11ஆம் நூற்றாண்டின் வட்டவடிவ மார்ட்டின் ஆலயம் இங்கே முழுதாக இருக்கிறது. பேதுரு–பவுல் ஆலயத்தின் இன்றைய கோதிக் தோற்றம், பேராலயத்தை முடிக்க முன்னின்ற அதே மோக்கரின் வேலை. பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இசைஞர்கள் ஸ்மெட்டனா, துவோர்ஷாக், எழுத்தாளர் சாப்பெக், ஓவியர் முஹா ஆகியோர் துயில்கிறார்கள். கோட்டைச் சுவருக்குள் வழிகாட்டியோடு நுழைந்தால், குறுகிய இருண்ட பாதை கோர்லிட்சே என்ற உயரமான நிலவறையில் முடியும். சார்லஸ் பாலத்திலிருந்து இறக்கிய மூலச் சிலைகள் சில, மழை நனைக்காத அந்த அரையிருட்டில், மூக்கும் விரலும் தேய்ந்த நிலையில் நிற்கின்றன.